பயறு அடை ஓகே, பெருங்காய டப்பாவ பாத்தீங்களா?
கோதுமை ஒத்துக்காதவங்க மாவுச்சத்தையும் குறைக்கணும்னா அரிசி போடாத பயறு அடைய கண்ண மூடிட்டு சாப்பிடலாம், அதுல கோதுமையே கிடையாதுன்னு மேல ஒருத்தர் சொல்லியிருக்காங்க. பயறுல க்ளூட்டன் (கோதுமையில இருக்குற ஒரு புரதம்) இல்லங்க, அது சரிதான். ஆனா அரைக்கும்போது போடுற பெருங்காயம்? கடையில விக்கிற கூட்டுப் பெருங்காயத்துல மாவும் கோந்தும் கலந்திருக்கும், நிறைய பிராண்டுல அந்த மாவு கோதுமை இல்லன்னா மைதா, சிலதுல மட்டும் அரிசி மாவு. டப்பாவ திருப்பி பொடி எழுத்துல இருக்குற இங்க்ரீடியன்ட்ஸ் வரிய படிங்க, கோதுமை இருந்தா அலர்ஜி தகவல்லயும் தனியா போட்டிருக்கணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) ரூலே இருக்கு. ஒரு சிட்டிகைதானேன்னு தோணும், சீலியாக் (க்ளூட்டன் சாப்பிட்டா குடல் பாதிக்கிற நோய்) இருக்குறவங்களுக்கு அதுவும் ஆகாது. கட்டிப் பெருங்காயம்னா சுத்தம்னு நெனச்சுராதீங்க, அதுலயும் லேபிள் பாத்துதான் வாங்கணும்.