ஷார்க்னேடோ முதல் நாளே சாதனை படைத்ததா?

சூறாவளி ஒன்று கடல் சுறாக்களை அள்ளிவந்து ஊருக்குள் கொட்டும் கதையான 'ஷார்க்னேடோ' டிவி படம் 2013-இல் ஒளிபரப்பான அன்றே அமெரிக்க டிவியில் பார்வையாளர் சாதனை படைத்தது என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு. ஜூலை 11 இரவு சைஃபை சேனலில் அதைப் பார்த்தவர்கள் சுமார் 13.7 லட்சம் பேர். அந்தச் சேனலின் இதே ரகப் படங்களுக்கு வழக்கமாக வரும் கூட்டத்தைவிட இது குறைவு.

அமர்க்களமெல்லாம் ட்விட்டரில்தான்: உச்சத்தில் நிமிடத்துக்கு 5,000 பதிவுகள். பதிவு போட்டவர் எல்லோரும் படம் பார்த்தவர் என்று எண்ணிவிட்டார்கள் போல. கூட்டம் அப்புறம்தான் வந்தது. பொதுவாக மறுஒளிபரப்பில் ஆள் குறையும், இதற்கோ 18.9 லட்சம், 21 லட்சம் என்று ஏறியது. 2014-இல் இரண்டாம் பாகத்தைப் பார்த்தவர்கள் சுமார் 39 லட்சம்.

அப்படி என்ன இருக்கிறது படத்தில்? கடைசியில் நாயகன் மரம் அறுக்கும் மெஷின் ரம்பத்தோடு, வானத்திலிருந்து விழும் சுறாவின் வாய்க்குள் தானே பாய்கிறான். வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறான். ஏற்கெனவே விழுங்கப்பட்ட பெண்ணையும் உள்ளேயிருந்து இழுத்துப் போடுகிறான். தனியாகப் பார்த்தால் கொட்டாவி வரும். கிண்டலடிக்கப் பக்கத்தில் நாலு பேர் இருந்தால் செம ஜோர். அந்த நாலு பேரை ட்விட்டர் கொடுத்தது, அவ்வளவுதான்.