டீசர் வேண்டாம், செய்யும் வேலையைக் காட்டுங்கள்

இசை மென்பொருள் விற்கிறவர்கள் சினிமா டீசர் பாணியைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. கறுப்புத் திரை, பின்னால் ஒற்றைப் பியானோ, "விரைவில்" என்று ஒரு வார்த்தை, கீழே ஓடும் கவுண்ட்டவுன். படத்துக்கு இது சரி, பிடிக்கவில்லை என்றால் ஒரு மாலைப் பொழுது போனதோடு முடிந்தது. ஆனால் நோட்டேஷன் மென்பொருளில், அதாவது இசையை ஸ்வரக் குறியீடுகளாக எழுதி அச்சிடும் மென்பொருளில், ஒரு அரேஞ்சரின் (பாட்டைக் கருவிகளுக்குப் பிரித்து எழுதுபவரின்) பல வருட ஸ்கோர்கள், முழு இசைப் பிரதிகள், இருக்கும், கை தன்னால் போய் அழுத்தும் ஷார்ட்கட்டுகள் இருக்கும், நாளைக் காலை ரெக்கார்டிங்கில் வயலின் வாசிப்பவர்கள் முன்னால் வைக்க வேண்டிய பார்ட்ஸ், அவரவர் வாசிக்கும் பகுதித் தாள்கள், இருக்கும். அவருக்குத் தேவை ஆர்வத்தைத் தூண்டும் புதிர் இல்லை. என்ன வருகிறது, எப்போது வருகிறது, என் பழைய ஃபைல் அதில் திறக்குமா, அவ்வளவுதான்.

இதை ஒழுங்காகச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். சிபேலியஸ் என்ற நோட்டேஷன் மென்பொருளை உருவாக்கி வந்த லண்டன் குழுவை அதன் உரிமையாளரான அவிட் நிறுவனம் 2012-இல் கலைத்தது. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் அந்தக் குழுவில் பெரும்பாலானவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து புதிதாக ஒரு நோட்டேஷன் மென்பொருள் எழுதச் சொன்னது. அதற்கு வைத்த டோரிகோ என்ற பெயரே 2016 மே மாதம்தான் வெளியே வந்தது, மென்பொருள் அக்டோபர் 19 அன்று வந்தது. ஆக, காட்ட எதுவுமே இல்லாத மூன்றரை வருடம். வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள், அல்லது நிழல் படமாகப் போட்டுச் சூடேற்றியிருப்பார்கள்.

அந்தக் குழுவின் டேனியல் ஸ்ப்ரெட்பரி என்ன செய்தார் என்றால், உட்கார்ந்து வேலைக் குறிப்பு எழுதினார். பெயரில்லாத ஒரு மென்பொருளைப் பற்றி, நீளநீளமாக. பிராவுரா என்ற இசை எழுத்துருவை எப்படி வரைகிறார்கள், பழைய செதுக்கு அச்சு ஸ்கோர்களில் இருக்கும் அந்தக் கனத்த மை ஏன் ஸ்டாண்டில் வைத்துத் தூரத்திலிருந்து படிக்க வசதி என்றெல்லாம் எழுதினார். அந்த எழுத்துருவை 2013-இலேயே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கொடுத்தும் விட்டார்கள், மென்பொருள் வருவதற்கு மூன்று வருடம் முன்னால்! போட்டிக்காரர்களும் பயன்படுத்தலாம் என்று தெரிந்தே கொடுத்தார்கள். அப்புறம் தாளக் கணக்கு. நடுவில் ஒரு எட்டாம் பங்கு ஸ்வரத்தைச் செருகினால் பின்னால் இருப்பதெல்லாம் தள்ளிப்போக வேண்டும், அளவுக்கோட்டைத் தாண்டும் ஸ்வரம் தானாக இரண்டாகப் பிரிந்து டை (இரண்டையும் ஒரே ஸ்வரமாக இணைக்கும் வளைகோடு) போட்டுக்கொள்ள வேண்டும். இதைக் கையால் திருத்தி நொந்துபோனவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். எங்களைப் போன்றவர்களுக்கு அதைப் படிப்பதே பெரிய டீசர். எதையும் மறைக்காத டீசர்.

டோரிகோவின் முதல் பதிப்பில் குறைகள் இருந்தன, அதையும் சொல்ல வேண்டும். கார்ட் சிம்பல் (எந்த ஸ்வரக் கூட்டு என்று ஸ்வரங்களுக்கு மேலே எழுதும் குறி) கிடையாது, ஜாஸ் எழுதுகிறவர் என்ன செய்வார்? ரிப்பீட் எண்டிங்கும் (திரும்ப வாசிக்கும் பகுதிக்கு ஒவ்வொரு முறையும் வேறு முடிவு) கிடையாது. இரண்டும் 2017-இல் 1.1 அப்டேட்டில், வாங்கியவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் வந்தன. கோபப்பட்டவர்கள் நிறையப் பேர், நியாயமான கோபம்தான். ஆனாலும் பலர் பொறுத்துக்கொண்டார்கள் என்றால் அதற்குக் காரணம், யார் இதைச் செய்கிறார்கள், எப்படி யோசிக்கிறார்கள் என்று மூன்று வருடமாகப் பார்த்திருந்தார்கள்.

மியூஸ்ஸ்கோர் என்ற இன்னொரு நோட்டேஷன் மென்பொருள் வேறு வகை. யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்க்கக்கூடிய திறந்த மூல மென்பொருள் என்பதால் மறைக்கவே வழியில்லை. நான்காம் பதிப்பு 2022 டிசம்பரில் வருவதற்கு முன்பே அரைகுறை பில்டுகளை யார் வேண்டுமானாலும் இறக்கிச் சோதிக்கலாம். அதன் வடிவமைப்பை வழிநடத்திய மார்ட்டின் கியரி முன்பு இதே மென்பொருளைக் கிழித்துத் தொங்கவிட்டு வீடியோ போட்டவர். அவரையே கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். இதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரியவில்லை.

வெளிப்படையாக இருப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஃபினாலே கதையைப் பாருங்கள். 1988-இல் வந்த நோட்டேஷன் மென்பொருள். உலகம் முழுக்க இசைப் பள்ளிகளும் பதிப்பகங்களும் அதில் வேலை செய்தன. 2024 ஆகஸ்ட் 26 அன்று ஒரே ஒரு அறிவிப்பு, இனி இல்லை என்று. ஒரு வருடத்துக்குப் பிறகு புதிய கணினியில் ஆக்டிவேட் செய்யவும் முடியாது என்றார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் அதை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். முப்பது வருடமாக எழுதி வைத்த ஸ்கோரையெல்லாம் மியூசிக் எக்ஸ்எம்எல் ஆக, மற்ற மென்பொருள்களும் படிக்கும் பொது வடிவமாக, மாற்றும் வேலை யார் தலையில் விழுந்தது? எழுதியவர் தலையில்தான். இந்த அனுபவத்துக்குப் பிறகும் ஒரு நிறுவனம் கறுப்புத் திரையைக் காட்டி "காத்திருங்கள்" என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

காசு விஷயமும் உண்டு. பழைய பதிப்பைத் தள்ளுபடியில் விற்றுவிட்டு அடுத்த வாரமே புதியதற்கு டீசர் விடுவது அநியாயம். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு ஆக்டிவேட் செய்தவர்களுக்குப் புதியது இலவசம் என்ற ஏற்பாடு சில நிறுவனங்களில் இருக்கிறது, ஸ்டைன்பெர்க்கிலும் உண்டு. அது எல்லா இடத்திலும் வர வேண்டும், அந்தத் தேதியை டீசரிலேயே போட வேண்டும்.

அடுத்த முறை கவுண்ட்டவுன் ஓடும் பதிவைப் பார்த்தால் நெருப்பு எமோஜி போட்டுவிட்டு நகராதீர்கள். பழைய ஃபைல் திறக்குமா, நேற்று வாங்கியவருக்கு என்ன வழி, முதல் பதிப்பில் எதெல்லாம் இருக்காது என்று அங்கேயே கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் ஒதுக்கிவிடுவார்கள், ஆயிரம் பேர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.