பத்து வயதுப் பிள்ளையின் புள்ளியை மதிலில் கட்டாதீர்கள்

என் மகன் 2023 ஒக்டோபரில் இலங்கையின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை எழுதினான். நவம்பர் நடுப்பகுதியில் பெறுபேறு வந்தது. வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைவு. அன்றிரவு அவன் அழவில்லை. சோறு சாப்பிட்டான், கொஞ்ச நேரம் டிவி பார்த்தான், படுத்துவிட்டான். நானும் அவனுடைய அப்பாவும்தான் விடியும்வரை விழித்திருந்தோம்.

அவனுக்கு அழுகை வந்தது நான்கு நாள் கழித்து. அன்று பாடசாலையில் காலைக்கூட்டம். சித்தியடைந்த பிள்ளைகளை பாண்ட் வாத்தியத்தோடு வாசலிலிருந்து அழைத்துவந்து, மாலை போட்டு, மேடையில் கதிரை வைத்து இருத்தியிருக்கிறார்கள். தரம் 5இன் மற்றப் பிள்ளைகள் எல்லோரும் கீழே, நிலத்தில். ஒவ்வொரு பெயரையும் புள்ளியோடு வாசிக்க வாசிக்கக் கீழே இருப்பவர்கள் கைதட்ட வேண்டும். "பலமாத் தட்டுங்கோ, உங்கட கூட்டாளிமார்தானே" என்று ஒரு டீச்சர் சொன்னாராம். இவனும் தட்டியிருக்கிறான். மேடையில் இருந்தவர்களில் ஒருவன் இவனோடு ஒரே பாடசாலை வான் வண்டியில் போய்வருகிற பையன். தரம் 1இலிருந்து பக்கத்துப் பக்கத்து சீட். அன்று பின்னேரம் வானில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்று டிரைவர் அண்ணன்தான் எனக்குச் சொன்னார்.

அடுத்த கிழமை பனர் வந்தது. பாடசாலை மதிலில், வான் வந்து நிற்கும் இடத்துக்கு நேரே. பிள்ளைகளின் படங்கள், பெயர்கள், ஒவ்வொரு படத்துக்கும் கீழே சிவப்பு எழுத்தில் புள்ளி. நடுவில் அதிபரின் படம், பிள்ளைகளின் படங்களைவிடப் பெரிதாக. "அம்மா, பின் கேற்றால போவமா?" என்று மகன் கேட்டான். பின் கேற் வழியாகப் போனால் பத்து நிமிடம் கூடுதலாக நடக்க வேண்டும். நடந்தோம். நவம்பர் மழையில் ஒருபக்கக் கயிறு அறுந்து அந்தப் பனர் சரிந்து தொங்கும்வரை அப்படித்தான் நடந்தோம்.

இதை இத்தனை நாள் நான் எழுதவில்லை. பிள்ளை சித்தியடையாத எரிச்சலில் எழுதுகிறாள் என்று சொல்லிவிடுவார்கள் என்ற தயக்கம். இப்போது மகள் தரம் 4 படிக்கிறாள், அடுத்த வருடம் அவளும் அந்த மண்டபத்தில் இருக்கப்போகிறாள். அதனால் எழுதுகிறேன்.

நான் மற்றப் பக்கத்திலும் இருந்தவள் என்பதைச் சொல்ல வேண்டும். 1998இல் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான உயர்தரப் பரீட்சை எழுதினேன், வர்த்தகப் பிரிவு. அப்போது நான்கு பாடங்கள். 400க்கு எத்தனை என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு இப்போது பார்க்கும் இசட் புள்ளியெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. எங்கள் பாடசாலையில் அந்தப் பிரிவில் நான்தான் முதலாவது. மண்டபத்துச் சுவரில் இருக்கும் தேக்குப் பலகையில் பொன்னிற எழுத்தில் என் பெயரை எழுதினார்கள். பரிசளிப்பு விழாவில் அம்மா முன்வரிசையில் இருந்தார். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை, இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு நிறையும்.

ஆனால் எனக்குக் கணக்கியல் சொல்லித்தந்தவள் என் வாங்கில் இருந்த தோழி. ஐந்தொகை சமப்படாமல் நான் அழுதுகொண்டிருந்த நாட்களில், பிழை எங்கே என்று விரலை வைத்துக் காட்டுவாள். பரீட்சை நடந்த அந்த வருடம் அவளுடைய தாய்க்குச் சுகமில்லை. பெரியாஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டே எழுதினாள். இரண்டு பாடம்தான் சித்தி. பரிசளிப்பு விழாவுக்கு அவளுக்கு அழைப்பில்லை. பிறகு கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதப் போனாள். ஒருநாள் மெயின் ஸ்ட்ரீட்டில் கண்டு கூப்பிட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள், நிற்கவில்லை. அந்தப் பலகையில் என் பெயருக்குப் பக்கத்தில் அவளுடைய பெயரும் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பலகைக்குத் தெரியாது.

இனி இந்தப் பரீட்சைக்கு வருவோம். அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். கிராமத்து ஏழைப் பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளை, காசில்லை என்பதற்காக நல்ல பாடசாலைக்குப் போக முடியாமல் நின்றுவிடக் கூடாது. மத்திய மகா வித்தியாலயங்களும் அவற்றுக்கான புலமைப்பரிசிலும் அந்த நோக்கத்தில்தான் வந்தன. இன்றைக்கு வருடத்துக்கு மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இதை எழுதுகிறார்கள். இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளி. அண்மைய வருடங்களில் ஏறக்குறைய ஆறில் ஒரு பிள்ளைதான் வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறது. அந்த வெட்டுப்புள்ளியும் எல்லோருக்கும் ஒன்றில்லை. மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும். உதவிப்பணம் யாருக்கு, பிரபல பாடசாலையில் இடம் யாருக்கு என்று பிரிப்பதற்கு நிர்வாகம் போடும் கோடு அது. அந்தக் கோட்டுக்கு மேலே நின்றால் மாலை, கீழே நின்றால் நிலம் என்று ஆக்கியது நாங்கள்தான்.

2024 செப்டெம்பர் பரீட்சையில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். சில வினாக்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டன. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது, பெறுபேறு தாமதமானது. ஒரு வினா, இரண்டு வினா என்று நாடே சண்டை பிடித்தது. பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. ஒரு புள்ளியில் பிள்ளையின் பெயர் மதிலில் ஏறும் அல்லது ஏறாது என்று இருக்கும்போது பெற்றோர் எப்படிப் பதறாமல் இருப்பார்கள்?

எங்கள் தமிழ் ஆட்களுக்குப் புள்ளி என்றால் வெறும் புள்ளி இல்லை என்பதும் எனக்கு விளங்குகிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிக்கும் மாவட்டத்துக்கும் வேறு வேறு வெட்டுப்புள்ளி வைத்த 1970களின் தரப்படுத்தலில் அடிபட்ட தலைமுறை எங்களை வளர்த்தது. கூடப் புள்ளி எடுத்தும் பல்கலைக்கழக வாசலில் நின்றுவிட்ட மாமாமார், சித்தப்பாமார் இல்லாத குடும்பங்கள் குறைவு. அதற்குப் பிறகு யுத்தம். வீடு போனது, காணி போனது, படிப்பை மட்டும் யாராலும் பறிக்க முடியாது என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களைக் கொழும்பு வாடகை வீடுகளில் வைத்துப் படிப்பித்தார்கள். எங்கள் பிள்ளை ஒன்று தீவளவில் முதலாவதாக வந்தால் அதை ஊருக்குச் சொல்ல வேண்டும்போல இருப்பது அந்தக் காயத்திலிருந்து வருவது. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் காயத்துக்குரிய மருந்தைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்க முடியாது.

சரி, பனரை உண்மையில் யாருக்காகக் கட்டுகிறார்கள்? வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை காலி வீதியிலும், கொட்டாஞ்சேனைப் பக்கமும் பெறுபேறு வந்த வாரத்தில் ஒருதரம் போய்ப் பாருங்கள். ஒரே பிள்ளையின் படம் பாடசாலைப் பனரில் இருக்கும், ஒரு டியூசன் வகுப்பின் பனரிலும் இருக்கும், இன்னொரு டியூசன் வகுப்பின் போஸ்டரிலும் இருக்கும். ஆளுக்கொரு பங்கு கேட்கிறார்கள். அடுத்த வருடம் தரம் 1க்குப் பிள்ளை சேர்க்க வரும் பெற்றோர் பார்க்க வேண்டும், அடுத்த தொகுதிக்கு வகுப்பில் ஆள் சேர வேண்டும். அது விளம்பரம். விளம்பரம் செய்வது குற்றமில்லை, ஆனால் பிள்ளையைக் கௌரவிக்கிறோம் என்ற பெயரில் அதைச் செய்யக் கூடாது. எந்தப் பிள்ளையிடமாவது "உன் படத்தையும் புள்ளியையும் வீதியில் போடட்டுமா?" என்று கேட்டார்களா? அந்த வானில் போன பையனின் அம்மாவிடம் பிறகு கேட்டேன். படம் மட்டும்தான் கேட்டார்கள், எதற்கென்று சொல்லவில்லை என்றார். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமே நாட்டில் நிறைவேறிவிட்டது. பிள்ளையின் பெயரும் படமும் புள்ளியும் அந்தப் பிள்ளைக்குரியவை என்பதைப் பாடசாலைகள் முதலில் நினைக்க வேண்டும்.

"பாராட்டாவிட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு எப்படி ஆர்வம் வரும்?" என்று கேட்கிறார்கள். கீழே நிலத்தில் இருந்து கைதட்டிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அன்று ஆர்வம் வந்தது என்று அவர்களிடம் போய்க் கேளுங்கள். என் மகன் அன்றிலிருந்து நீண்ட நாள் கணிதக் கொப்பியைத் திறக்கவே பயந்தான். அவனுக்குக் கணிதம் பிடிக்கும். பிழை விட்டால் ஆட்கள் பார்ப்பார்கள் என்ற பயம்தான் அவனைப் பிடித்திருந்தது.

விளையாட்டுப் போட்டியை உதாரணம் காட்டுகிறவர்களும் உண்டு. "ஓட்டத்தில் முதலாவது வந்தவனுக்கு மேடை போட்டுப் பதக்கம் கொடுக்கிறீர்களே, அது மட்டும் சரியா?" என்று. நியாயமான கேள்வி. இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓட விரும்புகிற பிள்ளைதான் ஓடும். மற்றவை அணிநடையில் போகும், கயிறிழுக்கும், இல்லத்தை அலங்கரிக்கும், தொண்டை கிழியக் கத்தும். முதலாவது வந்தவனின் புள்ளி முழு இல்லத்துக்கும் சேரும். கடைசியாக வந்த பிள்ளையின் நேரத்தை யாரும் ஒலிபெருக்கியில் சொல்வதில்லை. ஓட்டத்தில் தோற்ற பிள்ளையை "இவன் உருப்படமாட்டான்" என்று எந்த மாமியும் சொல்வதில்லை. புலமைப்பரிசில் பரீட்சையைத் தாங்களாக விரும்பி எழுதுகிற பிள்ளைகள் எத்தனை பேர்?

ஆனால் ஒரு விஷயம் என்னை நிறையவே யோசிக்க வைத்தது, அதை மறைக்க மாட்டேன். ஜிந்துப்பிட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தகப்பன் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. மகள் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்தாள். ஒன்றரை அறை வீட்டில், தம்பிமார் நித்திரையான பிறகு படித்த பிள்ளை. அவர்களுடைய ஒழுங்கை முனையில் அவளுடைய படத்தோடு பனர் கட்டியிருந்தது. நான் போன அன்று தகப்பன் வேலைக்குப் போகவில்லை. பனருக்குக் கீழே நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் "என்ட மகள்" என்று காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் ஒருவருடைய பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. அந்த மனிதரிடம் போய் இது பிழை என்று என்னால் சொல்ல முடியுமா? முடியாது, சொல்லவும் மாட்டேன்.

பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தப் பனரைப் பாடசாலை கட்டவில்லை. ஒழுங்கைப் பொடியன்கள் காசு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அவளிடம் கேட்டு, அவளே தெரிவுசெய்து கொடுத்த படத்தைப் போட்டிருக்கிறார்கள். அவளுக்குப் பதினாறு வயது. அவளோடு சேர்த்து அந்த ஒழுங்கை தன்னைத்தானே கொண்டாடியது, அங்கே யாரையும் கீழே இருத்தவில்லை. பாடசாலை செய்வது வேறு. மேடையில் இருந்த பிள்ளையும் நிலத்தில் இருந்த பிள்ளையும் ஒரே அளவுக்கு அந்தப் பாடசாலைக்குச் சொந்தம். ஊர் தனக்குப் பிடித்த பிள்ளையைக் கொண்டாடலாம், பாடசாலைக்கு அந்த உரிமை இல்லை.

சிங்கப்பூர் 2012இலேயே ஆரம்பப் பாடசாலை இறுதிப் பரீட்சையில் முதலிடம் பெற்றவர்களின் பெயரை அறிவிப்பதை நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டில் 2017இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளுக்கு மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசாங்கம் கைவிட்டது. படிப்பில் போட்டி போடுவதற்குப் பேர்போன இரண்டு இடங்கள் இவை. அங்கே பிள்ளைகள் படிப்பதை நிறுத்திவிடவில்லை.

உயர்தரத்தைப் பற்றி எனக்கு இவ்வளவு கடுமையான கருத்து இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை, தானே ஆம் இல்லை என்று சொல்லக்கூடிய வயது. பரிசளிப்பு விழாவில் கூப்பிடுங்கள், படிப்பித்த ஆசிரியரையும் பக்கத்தில் நிறுத்துங்கள். இசட் புள்ளியை வாசிக்க வேண்டாம். மருத்துவம், பொறியியலோடு பட்டியலை முடிக்கவும் வேண்டாம். கல்வியியற் கல்லூரிக்குப் போனவள், மருதானை தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தவன், நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்டே இரண்டு பாடம் சித்தியடைந்தவள் எல்லோரும் அந்த மேடைக்கு உரியவர்கள்.

தரம் 5க்கு மட்டும் என் பதில் ஒன்றுதான். மேடை வேண்டாம், மாலை வேண்டாம், பனர் வேண்டாம். பெறுபேற்றை வகுப்பாசிரியர் பெற்றோரைக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்லட்டும். ஐந்து வருடம் ஒன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு, பல பேர் வேறு பாடசாலைகளுக்குப் பிரிந்து போகப்போகிற அந்த நேரத்தில், எல்லோருக்குமாக ஒரு கேக் வெட்டினால் போதும்.

போன வாரம் மகளின் வகுப்பாசிரியையைச் சந்தித்தேன். அடுத்த வருடம் இவளுக்கு எத்தனை புள்ளி வந்தாலும், 190 வந்தாலும், இவளுடைய படத்தையும் புள்ளியையும் எங்கேயும் போட வேண்டாம், கூட்டத்தில் வாசிக்கவும் வேண்டாம் என்று சொன்னேன். டீச்சர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இப்பிடி ஒருத்தரும் வந்து கேட்டதில்லை. எழுத்தில தாங்கோ, நான் அதிபரிட்டக் குடுக்கிறன்" என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன், ஒரு பக்கக் கடிதம். அதன் பிரதி வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் சரி.