பொய்யன் வந்து முத்திரை குத்துவானா?

செயற்கை நுண்ணறிவில் உருவாக்கியதை அப்படியே அறிவிக்க வேண்டும் என்ற சட்டத்தைக் கேலி செய்வது எளிது. "மோசடி செய்கிறவன் 'இது போலி' என்று முத்திரை குத்திக்கொண்டா வருவான்?" வரமாட்டான்தான். ஆனால் எல்லாரும் முகம் தெரியாத மோசடிக்காரர்கள் இல்லையே!

2024 ஜனவரியில், டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டு விழாத் திரையில் மறைந்த கருணாநிதி தோன்றி வாழ்த்தினார். அடுத்த மாதமே அ.தி.மு.க. ஜெயலலிதாவின் குரலை ஒலிக்கவிட்டது. இரண்டையும் செய்தது யார் என்பதில் ரகசியமே இல்லை. கட்சி, தொலைக்காட்சி, விளம்பர நிறுவனம், செயலி விற்பவர் என முகவரி உள்ள எல்லாரையும் சட்டம் பிடிக்க முடியும். பிடிக்கவும் வேண்டும்.

சிக்கல் அதற்கு அப்பால் இருக்கிறது. 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் விதிகளின்படி, பெரிய சமூக ஊடகங்கள் பயனரிடம் அறிவிப்பு வாங்கினால் மட்டும் போதாது. அது உண்மையா என்றும் சரிபார்க்க வேண்டும். எதை வைத்து? 'இது இயந்திரம் செய்தது' என்று கோப்புக்குள் பதித்த தகவல் ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் காணாமல் போகும். கூகுளின் சிந்த்ஐடி போல, படத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் பதியும் மறைகுறிகள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அந்தக் குறியைப் பதிக்காத கருவியில் செய்த படத்தைப் பற்றி அவை எதுவும் சொல்லாது. சொந்தக் கணினியில் திறந்த மூல மென்பொருளை ஓட்டுபவனை யார் கேட்பது? வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் காணொளியை அந்த நிறுவனமே பார்க்க முடியாது.

நல்லவேளை, இந்த விதிகள் படம், ஒலி, காணொளியோடு நின்றுவிட்டன. எழுத்தைத் தொட்டிருந்தால் கூத்தாகியிருக்கும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவி, அந்நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தின் மீது வீண்பழி போட்டது. அதே ஆண்டு ஜூலையில் கருவியையே விலக்கிக்கொண்டார்கள். செய்தவர்களுக்கே இந்தக் கதி!

எனக்குப் பயம் பொய்யர்கள் தப்பிப்பதைப் பற்றி அல்ல. அவர்கள் எந்தச் சட்டத்திலும் தப்பிப்பார்கள். அரசோ நீதிமன்றமோ ஒன்றை நீக்கச் சொன்னால், முன்பிருந்த 36 மணி நேர அவகாசம் இப்போது வெறும் 3 மணி நேரம். அந்த அவசரத்தில் எந்த நிறுவனம் உட்கார்ந்து யோசிக்கும்? முதலில் தூக்கிவிடும். ஒருவரைக் காவலர் அடிப்பதை யாரோ கைப்பேசியில் எடுத்த உண்மையான காணொளியும் 'செயற்கை' என்ற முத்திரையோடு செத்துப்போகலாம்.

ஆகவே கருவி செய்பவர்களிடமும் தளங்களிடமும் கெடுபிடி காட்டுங்கள். பதித்த குறியை வழியில் உரித்தெடுக்கும் தளத்துக்கு அபராதம் போடுங்கள். கூடவே, தவறாக முத்திரை குத்தப்பட்டவர் அன்றைக்கே முறையிட்டு, ஒரு மனிதரிடம் பதில் வாங்க வழி வையுங்கள்.