தொப்பிக்காரப் பெண்களுக்கு ஆதரவாக ஒரு நீண்ட பதிவு

ஏப்ரல் வந்தால் டல்லாஸ் ஆர்போரீட்டம் என்ற தாவரவியல் பூங்காவில், பெண்கள் விதவிதமான தொப்பி போட்டுக்கொண்டு கூடும் 'மேட் ஹேட்டர்ஸ் டீ' விருந்தின் படங்கள் சுற்ற ஆரம்பிக்கும், கூடவே நம் ஆட்களின் கமெண்டுகளும் வரிசை மாறாமல் வந்துவிடும். "வேலை வெட்டி இல்லாத பணக்காரப் பொம்பளைங்க", "தலையில பூந்தொட்டியைக் கவுத்துக்கிட்டு டீ குடிச்சா செடி வளருமா", அப்புறம் அந்தச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். வளரும் என்பதுதான் என் பதில். அந்த டீயால்தான் அங்கே ஒரு தோட்டம் வளர்ந்தது, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கமெண்ட் பெட்டிக்குள் அடங்காது என்பதால் தனிப் பதிவாகவே எழுதுகிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. டல்லாஸின் கிழக்கே ஒயிட் ராக் ஏரிக்கரையில் 66 ஏக்கர் பூங்கா இது. அதில் 44 ஏக்கர் டிகோலியர் என்ற எண்ணெய்த் துறைக் கோடீஸ்வரரின் எஸ்டேட். பூமிக்கடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் மன்னன் அவர். அவர் மனைவி நெல்லுக்குத் தோட்டத்தின் மேல் உயிர். 1940-இல் வீட்டைக் கட்டி முடித்தார்கள், இன்றும் போனால் உள்ளே சுற்றிப் பார்க்கலாம். அவர்கள் காலத்துக்குப் பிறகு அது ஒரு பல்கலைக்கழகத்திடம் போய், 1976-இல் மாநகராட்சி வாங்கியது. பக்கத்து கேம்ப் குடும்பத்தின் 22 ஏக்கரும் சேர்ந்தது. நிலம் மாநகராட்சியுடையது, நடத்துவது லாபநோக்கில்லாத ஒரு சங்கம். 1984-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஆனால் பெண்கள் அணி, அதாவது விமன்ஸ் கவுன்சில், 1982-லேயே வந்துவிட்டது. பூங்காவுக்குக் கேட் திறக்கும் முன்பே அதற்காகக் கையேந்த ஒரு கூட்டம் தயாராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெண்கள் சேர்த்த பணத்தில் உருவானதுதான் 'எ வுமன்ஸ் கார்டன்'. முதல் பகுதி 1997-இல், மார்கன் வீலாக் என்ற வடிவமைப்பாளரின் திட்டப்படி. இரண்டாவது பகுதி 2006-இல், உள்ளூர்க்காரரான வாரன் ஜான்சன் வடிவமைத்தது. போனவர்களுக்குத் தெரியும், ஒரு இடத்தில் நின்று பார்த்தால் நீர்த்தொட்டியின் விளிம்பு எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது, நம்மவர்கள் வரிசைகட்டிப் படம் எடுக்கிற இடம். பட்டுப் பாவாடைக் குழந்தையை அங்கே நிறுத்திப் படம் எடுத்து அதைத் தாத்தா பாட்டிக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேருக்கு அதன் பின்னால் யார் உழைத்தது என்று தெரியும்?

சரி, இதெல்லாம் தகவல். நான் சொல்ல வந்தது வேறு. அந்த கவுன்சில் தன் நோக்கங்களில் ஒன்றாக எழுதி வைத்திருப்பது, அந்தத் தோட்டத்தின் நடைமுறைச் செலவுக்குப் பணம் திரட்டுவது. கட்டுவதற்குப் பணம் கேட்டால் எந்த ஊரிலும் யாராவது தருவார்கள், கல்வெட்டில் பெயர் வரும், ரிப்பன் வெட்டலாம், மேயர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். களை எடுக்கவும், அடைத்துக்கொண்ட சொட்டுநீர்க் குழாயை மாற்றவும், பட்டுப்போன செடியைப் பிடுங்கிப் புதுசு வைக்கவும் பணம் தருகிறேன் என்று யார் வருவார்கள்? அந்தச் செலவுக்கு மூஞ்சியே கிடையாது. அதற்குத்தான் வருஷா வருஷம் ஒரு விருந்து, ஒரு தொப்பிப் போட்டி, டிக்கெட், மேசைக்கு ஸ்பான்சர். தொப்பி எவ்வளவு கோமாளித்தனமாக இருக்கிறதோ அவ்வளவு பேர் வந்து பார்ப்பார்கள், படம் அவ்வளவு தூரம் சுற்றும். கேலி செய்து பகிர்ந்த நம் ஆட்களும் அந்த விளம்பரத்தில் இலவசப் பங்காளிகள்தான்.

டல்லாஸில் தோட்டம் வைப்பது என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இந்தச் செலவின் கனம் புரியும். நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. இங்கே வந்து வீட்டுக்குப் பின்னால் முதல் மழைக்குப் பிறகு காலை வைத்தபோது செருப்பைப் பிடித்து இழுத்த மண்ணைப் பார்த்து, அட இது நம்ம கரிசல் ஆச்சே என்று நின்றுவிட்டேன். உண்மையிலேயே அதே வகைதான், மண்ணியல்காரர்கள் இரண்டையும் வெர்டிசால் என்ற ஒரே வகையில்தான் வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் ஊதும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்திக்கு ராஜா, வீட்டு அஸ்திவாரத்துக்கு எமன். கோடையில் இந்த ஊர்க்காரர்கள் செடிக்கு விடுவது போதாதென்று வீட்டைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டு அஸ்திவாரத்துக்கும் தண்ணீர் விடுவார்கள், இதை ஊரில் சொன்னால் என் அம்மா நம்பவே இல்லை. இந்த மண்ணில், நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வாரக்கணக்கில் காயும் வெயிலில், பூங்கா மாதிரி ஒரு பூங்காவை நிறுத்துவது சும்மா இல்லை. அதோடு 2021 பிப்ரவரி பனியை நினைத்துப் பாருங்கள். விமான நிலைய வெப்பமானியில் மைனஸ் 2 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 19 செல்சியஸ். கரண்ட் இல்லாமல் நாம் கம்பளிக்குள் கிடந்த அந்த வாரத்தில் ஊர் முழுக்க எத்தனை செடி கருகியது!

துலிப் கதை தனி. மார்ச்சில் 'டல்லாஸ் புளூம்ஸ்' என்று 5 லட்சத்துக்கு மேல் பூக்கள் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதில் துலிப்புக்கு இந்த டல்லாஸ் குளிர் போதாது. கிழங்கைக் குளிர்பதனத்தில் வைத்துப் பழக்கி நட வேண்டும், பூத்து முடிந்தால் பிடுங்கிவிட்டு அடுத்த வருஷத்துக்குப் புதுசாக வாங்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் முதலிலிருந்து செலவு. (எனக்கு அந்தத் துலிப் ஆடம்பரத்தில் பெரிய உடன்பாடு இல்லை, ஆனால் கூட்டம் அதற்குத்தான் வருகிறது, கூட்டத்தால்தான் மற்றது ஓடுகிறது.)

இந்தப் பராமரிப்பு நிதி என்ற யோசனை வெள்ளைக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று யாராவது நினைத்தால், நம் கோயில் கல்வெட்டுகளைக் கொஞ்சம் புரட்டுங்கள். சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தவனம் வைத்துக் கொடுத்தவர்கள் அதோடு நிற்கவில்லை. நந்தவனத்தில் வேலை செய்பவர்களின் பிழைப்புக்கென்று தனியாக நிலம் எழுதி வைத்தார்கள், திருநந்தவனப்புறம் என்று அதற்குப் பெயர். பூச்செடி ஒரு பக்கம், அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் சாப்பிட நெல் விளையும் வயல் இன்னொரு பக்கம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு தெளிவாக யோசித்த ஊரில்தான் இன்று மரக்கன்று நடும் விழா நடத்தி, பேனர் பிடித்து, படம் எடுத்து, மறுநாள் ஆடு மேய விட்டுவிட்டுப் போகிறோம்.

இனி எனக்குக் கோபம் வருகிற பகுதி. இந்த நாட்டுத் தாவரவியல் பூங்காக்களின் வரலாற்றைத் தோண்டினால் பெண்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்க மாட்டார்கள். நியூயார்க் தாவரவியல் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். எலிசபெத் பிரிட்டன் என்ற பெண் 1888-இல் லண்டன் பக்கத்தில் கியூ தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, இப்படி ஒன்று நமக்கும் வேண்டும் என்று பேசிப் பேசி ஆள் திரட்டினார். 1891-இல் பூங்கா அமைந்தது. முதல் இயக்குநர் யார்? அவருடைய கணவர். எலிசபெத் சாதாரண ஆள் இல்லை, பாசிகளை (மாஸ்) பற்றி அந்தக் காலத்தில் அந்த நாட்டில் அவருக்கு ஈடாகச் சொல்ல வெகு சிலரே, ஒரு பாசிப் பேரினத்துக்கே பிரையோபிரிட்டோனியா என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாசித் தொகுப்பைச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டார். 1912-இல் பூங்கா அவருக்குப் பதவி கொடுத்தது, பாசிகளின் கௌரவக் காப்பாளர். கௌரவம் என்று முன்னால் சேர்த்தால் சம்பளம் இல்லை என்று அர்த்தம், நமக்கும் தெரிந்த கணக்குதானே. இரண்டு வருஷம் கழித்து, 1914-இல், அதே பூங்காவுக்குப் பெண்கள் துணைக்குழு ஒன்று அமைந்தது. நிதி திரட்ட, ஆட்களைச் சேர்க்க.

டெக்சாஸுக்கே வருவோம். டல்லாஸ் கவுன்சில் தொடங்கிய அதே 1982-இல்தான் ஆஸ்டினில் லேடி பேர்ட் ஜான்சன் தன் எழுபதாவது பிறந்தநாளில், நடிகை ஹெலன் ஹேய்ஸோடு சேர்ந்து காட்டுப்பூ ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார். முன்னாள் ஜனாதிபதியின் மனைவி என்பதால் அவரைக் கேலி செய்ய ஆள் குறைவு என்று நினைக்காதீர்கள். பூச்செடி வைக்கிற அம்மா என்று அவரையும் சொன்னார்கள். நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளைக் கட்டுப்படுத்தும் 1965-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் அந்த அம்மாதான் இருந்தார்.

அதற்காக இந்தக் குழுக்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் நான் தயாரில்லை. வார நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம், விருந்து டிக்கெட் விலை, போட்டுக்கொள்ள உடை, இதெல்லாம் யாருக்குக் கட்டுப்படியாகும் என்பது பார்த்தாலே தெரிகிறது. நானே என் வேலையில் ஒரு வெள்ளிக்கிழமையை விடுவிக்கப் படாத பாடு பட்டேன். ஜூலை வெயிலில் குனிந்து பாத்தி கொத்துகிறவர்கள் இந்த ஊரில் பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசுகிற தொழிலாளர்கள், அவர்களை எந்த விருந்துப் படத்திலும் பார்த்ததில்லை. தொண்டர்கள் அதிகமாக அதிகமாக, சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய இடத்தையும் தொண்டரை வைத்தே நிரப்பிவிடலாம் என்று நிர்வாகங்களுக்கு ஆசை வரும், இது எந்தப் பூங்காவுக்கும் பொருந்தும். அப்புறம் 2012-இல் சிஹூலி என்ற கலைஞரின் கண்ணாடிச் சிற்பக் கண்காட்சிக்கு வரும் கார்களை நிறுத்த, பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் வின்ஃப்ரீ பாயிண்ட் புல்வெளியைப் பயன்படுத்தலாம் என்று யோசனை வந்தபோது அக்கம்பக்கத்தார் கொதித்தெழுந்தார்கள். கரிசல் புல்வெளி என்பது இந்த மண்ணின் சொந்தத் தாவரக்கூட்டம், மிச்சமிருப்பதே சொற்பம். வேலிக்குள் இருக்கும் பூவுக்காக வேலிக்கு வெளியே இருக்கும் புல்லின் மேல் வண்டியை ஏற்றலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இப்போது நம் பெண்களிடம் வருகிறேன். பிளேனோ, ஃபிரிஸ்கோ, அர்விங் அடுக்ககங்களில் எத்தனை பேர் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் விசாவில், இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அந்த விசாவில்தான் வந்தேன். 2015-க்குப் பிறகு கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் வேலை அனுமதி வாங்கலாம், தாண்டாதவர்களுக்கு அதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் தாவரவியலில் முதுகலை படித்தவள், ஊரில் கல்லூரியில் பாடம் எடுத்தவள், இங்கே பால்கனியில் கறிவேப்பிலையைக் குளிருக்குப் போர்வை போர்த்திக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். பூங்காவில் தொண்டராகச் சேரேன் என்று அவளிடம் சொன்னேன். "சம்பளம் தந்தா தப்பு, சும்மா செஞ்சா தப்பில்லையா அக்கா? என் படிப்புக்கு இவங்க வச்சிருக்கிற விலை அதுதானா?" என்று கேட்டாள்.

நான் மழுப்பவில்லை, ஆமாம் என்றுதான் சொன்னேன். தொப்பி போட்டுக்கொண்டு வரும் அந்த அம்மாவுக்கும் இவளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்த அம்மா சம்பளம் வேண்டாம் என்று தானே முடிவு செய்தவர். இவளைக் கேட்காமலேயே வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள், எலிசபெத் பிரிட்டனுக்கு எழுதியது போலவே. விசா விதி மாற வேண்டும், அதற்குக் குரல் கொடுப்பவர்களோடு நிற்போம். அதுவரை வீட்டில் உட்கார்ந்திருப்பதா, அங்கே போய்ச் செடிகளோடு இருப்பதா என்பதில் என் கருத்து இரண்டாவது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. செய்யும் மணிநேரத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், பின்னால் வேலைக்குப் போகும்போது ரெஸ்யூமேயில் வேண்டும். பெயர்ப்பலகை எழுதுவது, வழிகாட்டுவது, செடிகளை அடையாளம் காண்பது என்று உங்கள் படிப்புக்கு ஏற்ற வேலையை வாய்விட்டுக் கேளுங்கள், டீக்கப் அடுக்குவதோடு நின்றுவிடாதீர்கள். லாபநோக்கில்லாத அமைப்புகளில், எப்போதும் தொண்டர்களே செய்கிற வேலையைக் கைம்மாறு எதுவும் வாங்காமல் செய்வதற்குப் பொதுவாகத் தடை கிடையாது, சந்தேகம் இருந்தால் கணவரின் கம்பெனி வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பொங்கல் விழாவுக்கு ஐந்நூறு பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்டி, மேடை அலங்கரித்து, கணக்கும் எழுதி முடிக்கிற நீங்கள்தான் "எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்" என்கிறீர்கள். அந்தக் கவுன்சில் பெண்கள் செய்வதும் அதே வேலைதான், அவர்கள் அதைச் சங்கமாகப் பதிந்து, பணத்தை எதற்கென்று எழுதி வைத்துச் செய்கிறார்கள்.

வண்டி இல்லாதவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் அர்விங்கிலிருந்து பூங்காவுக்குப் போக என் வண்டியில் நாலு பேருக்கு இடம் இருக்கிறது. பிள்ளையை ஸ்கூலிலிருந்து கூட்டிவருவது யார் என்பதை வீட்டு ஐயாக்களிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள். தொப்பியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அன்றைக்கு வீட்டிலிருந்து வேலைதான், ஸ்டேட்டஸ் பார்த்தேன்.