கஷ்டமாக இருந்தால் நல்ல கேமா?

பழைய வீடியோ கேம்கள்தான் உசத்தி, அவை கஷ்டமாக இருந்ததே பெருமை என்று ஒரு கட்டுரை படித்தேன். அதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்ள முடிகிறது. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பல மடங்கு பெரியது. இடம் போதாமல் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைப் போட்டு, நிறத்தை மட்டும் மாற்றினார்கள். (ரொம்ப நாள் நான் அதைக் கவனிக்கவே இல்லை!) அந்த நெருக்கடியில்தான் வேண்டாததெல்லாம் கழன்று, ஓடுவதும் குதிப்பதும் அவ்வளவு கச்சிதமாக அமைந்தன.

ஆனால் கஷ்டமாக இருந்ததையே பெருமையாகச் சொல்வது சரியில்லை. காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் இருந்த பல ஆர்கேட் கேம்கள் நம்மைச் சீக்கிரம் தோற்கடித்து, அடுத்த காசைப் போட வைக்கவே அப்படிச் செய்யப்பட்டவை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே கேமுக்குள் காசு கொடுத்து வாங்கும் இன்றைய லூட் பாக்ஸுக்குப் பாட்டன் அதுதான். அப்புறம், அந்தக் காலத்துக் குப்பைகளை வசதியாக மறந்துவிடுகிறோம். 1982-இல் அடாரி நிறுவனம் ஈ.டி. என்ற சினிமாவை வைத்து வெளியிட்ட கேமின் விற்காத பிரதிகளை மறுவருடம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014-இல் தோண்டியபோது வெளியே வந்தன.

இன்றைய கேம்களில் எனக்கு எரிச்சல் ஆட உட்கார்ந்ததும் வந்து நிற்கும் அப்டேட்தான். அந்தக் காலத்தில் கேம் அடங்கிய கார்ட்ரிட்ஜை இயந்திரத்தில் செருகினால் உடனே ஆடலாம். ஆனால் சேவ் வசதி இல்லாமல் மறுபடி முதலிலிருந்தா? அதற்கு இப்போது எனக்குப் பொறுமை கிடையாது.