அரிசிக் கிண்ணம் மட்டும் போதாது

போன வருஷம் எங்கள் அடுக்குமாடிக்குப் பெயிண்ட் அடித்தார்கள். ஏ.சி. குழாய்க்காகப் போட்டுவிட்டுச் சும்மா கிடந்த ஓட்டை ஒன்று எங்கள் பால்கனிச் சுவரில் இருந்தது. அதில் ஒரு ஜோடிச் சிட்டுக்குருவி குடித்தனம் நடத்தியது. நான் வேலை முடிந்து வருவதற்குள் அதைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். பெட்டைக் குருவி வாயில் பச்சைப் புழுவோடு அந்தப் பூச்சுக்கு முன்னால் திரும்பத் திரும்பப் பறந்து வந்தது. ஆள் பிடித்து உடைக்க மறுநாள் ஆகிவிட்டது. உள்ளே மூன்று குஞ்சுகள். ஒன்றும் பிழைக்கவில்லை.

அந்தப் பச்சைப் புழுவைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

மார்ச் 20 சிட்டுக்குருவி தினம் வந்தால் எல்லோரும் கிண்ணத்தில் அரிசியும் தண்ணீரும் வைத்துப் படம் போடுகிறோம். வைக்கட்டும், நல்லதுதான். ஆனால் அரிசி, கம்பு, தினையெல்லாம் பெரிய குருவிக்குத்தான். பொரித்த புதிதில் குஞ்சு தானியத்தில் வளராது. அசுவினி, சின்னப் புழு, வெட்டுக்கிளி என்று மெத்தென்ற பூச்சி வேண்டும். பொரித்துச் சுமார் இரண்டு வாரத்தில் குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்பிவிடும். அதுவரை தாயும் தகப்பனும் நாள் முழுக்கப் பூச்சி பொறுக்கியே ஆக வேண்டும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குருவிக் கூடுகளை ஆராய்ந்தபோது, பூச்சி கிடைக்காத இடங்களில் குஞ்சுகள் பசியில் சாவதைப் பார்த்தார்கள். நாமோ செம்பருத்தியில் அசுவினி தெரிந்த அன்றே மருந்து அடிக்கிறோம். பக்கத்திலேயே அரிசிக் கிண்ணமும் வைக்கிறோம்.

இதைச் சொன்னால் உடனே "குருவி குறைவதற்குச் செல்போன் கோபுரம்தான் காரணம்" என்பார்கள். எனக்கு இந்தப் பேச்சு வருத்தமாக இருக்கிறது. இங்கிலாந்தில் 1970களின் கடைசியிலேயே குருவி குறையத் தொடங்கிவிட்டது. அப்போது யார் கையில் செல்போன் இருந்தது? 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 25 ஆண்டுக் கணக்கில் நாடு முழுதும் குருவி ஏறக்குறைய அதே அளவில் இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. எங்கள் ஊர் மளிகைக்கடைத் தெருவில் கோபுரமும் இருக்கிறது, ஷட்டர் பெட்டிக்குள் குருவிக் கூடும் இருக்கிறது. அங்கே சிந்திய நொய் உண்டு, பொந்து உண்டு, பக்கத்துக் காலிமனையில் புதர் உண்டு. கோபுரத்தின் மேல் பழி போட்டுவிட்டால் நம் வீட்டில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

குறுந்தொகையில் 46ஆம் பாட்டில் வரும் "மனையுறை குரீஇ", அதாவது வீட்டில் வாழும் குருவி, என்ன செய்கிறது பாருங்கள். முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்கிறது, மன்றத்து எருவின் தூளைக் குடைந்து ஆடுகிறது, வீட்டு இறவாரத்தில் பிள்ளையோடு தங்குகிறது. சாப்பாடு, புழுதி, இறவாரம். இன்றைக்கும் அதன் தேவை இவைதான். புழுதிக் குளியல் வெறும் விளையாட்டு இல்லை, இறகைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அதற்கு அது வேண்டும். நாம் வாசல் வரைக்கும் சிமெண்ட் கல் பதித்துவிட்டோம். என் அம்மாச்சி வீட்டு நாட்டு ஓட்டுக்கடியில் வருஷா வருஷம் கூடு இருக்கும். சாமி படத்துக்குப் பின்னால்கூட வைக்கோலைச் செருகும். கூடு இருக்கும் நாளில் அந்த அறையில் மின்விசிறி போட விடமாட்டார்கள்.

இன்னொன்று. குருவி பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாது. பெரும்பாலும் ஓரிரு கிலோமீட்டருக்குள்ளேயே அதன் வாழ்க்கை முடிந்துவிடும். அதனால் ஒரு தெருவில் அற்றுப்போனால் எங்கிருந்தோ பறந்து வந்து நிரப்பிவிடும் என்று நம்ப முடியாது.

சரி, நான் செய்தது இது. பால்கனியில் நிழல் விழும் பக்கம் ஒரு மரப்பெட்டி மாட்டினேன். வாய் சுமார் 3 சென்டிமீட்டர், மைனா நுழையாத அளவு. தொட்டிச் செடிக்கு மருந்து அடிப்பதை நிறுத்தினேன். ஒரு பழைய தட்டில் காய்ந்த மண் வைத்தேன். கீழ்வீட்டு அக்காவிடம் பேசினேன், மதிலோரம் கொஞ்சம் புல்லை வெட்டாமல் விட ஒப்புக்கொண்டார். அவருக்கு இப்போதும் பாம்பு பயம்தான், இருந்தும் விட்டிருக்கிறார்.

நேற்றுக் காலையிலிருந்து கறுப்புத் தொண்டையோடு ஓர் ஆண் குருவி பெட்டி வாயில் உட்கார்ந்து விடாமல் கத்திக்கொண்டிருக்கிறது. இடம் பிடித்துவிட்டு ஜோடியைக் கூப்பிடுகிறது. பெட்டை இன்னும் வரவில்லை.